போதிதருமருக்குச் சற்று ஓய்வு கொடுங்கள்

'தாய் சீ என்ற கலையைச் சீனர்களுக்குக் கற்றுக் கொடுத்தவன் காஞ்சிபுரத்துத் தமிழன்.' இந்த ஒற்றை வாக்கியம்தான் எத்தனை வடிவங்களில் உலகைச் சுற்றி வருகின்றது! முன்னர் மின்னஞ்சலில் வந்தது. பின்னர் முகநூலில் வந்தது. இப்பொழுது வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்துடன் சேர்ந்து வருகின்றது. 2011ஆம் ஆண்டு ஏ.ஆர். முருகதாஸின் இயக்கத்தில் சூர்யா நடித்த '7ஆம் அறிவு' வெளியான பின்னர், வதந்தியாக இருந்த இச்செய்தி வரலாறு என்ற பதவி உயர்வையும் பெற்றுவிட்டது. திரைப்படத்தின் மீது எனக்குக் கோபமில்லை. கதை சொல்வது அதன் தொழில். அந்தக் கதையைத் தூக்கி வந்து வரலாற்று மேடையில் இருத்தி மாலை போடுகின்றோமே, அதைப் பற்றித்தான் இங்கு பேச வேண்டியிருக்கின்றது.

பத்திரிகைக் காரியாலயத்தில் தலைமுடி நரைத்தவனுக்கு ஒரு பழக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தச் செய்தி வந்தாலும், 'யார் சொன்னது? எப்பொழுது சொன்னது? சொன்னவர் அருகில் இருந்தாரா?' என்று கேட்பான். அந்த மூன்று கேள்விகளையும் இங்கும் கேட்டுப் பார்ப்போம்.

மேற்படி வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. போதிதருமர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது முதலாவது. அவர் சாவோலின் மடத்துத் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்பது இரண்டாவது. அந்தக் கலையிலிருந்தே தாய் சீ பிறந்தது என்பது மூன்றாவது. முதலாவது ஐயத்துக்குரியது. இரண்டாவது மிகவும் பிற்காலத்துப் புனைவு. மூன்றாவதுக்கு ஆதாரமே கிடையாது.

போதிதருமரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து, லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி யாங் சுவான்சி என்பவர் கி.பி. 547இல் எழுதிய நூலில் உள்ளது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்று குறிப்பிடப்படுகின்றார்! அடுத்து, தான்லின் என்பவரது குறிப்பு அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்த ஓர் அரசரின் மூன்றாவது மகன் என்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் துறவிகளின் வரலாறுகளைத் தொகுத்த தாவோசுவான், தென்னிந்தியப் பிராமணர் என்கின்றார். காஞ்சிபுரமும் பல்லவர் குலமும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை. தென்னிந்தியத் தொடர்பு இருந்திருக்கலாம். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் 'தமிழன்' என்று அடித்துச் சொல்வதற்கு இந்த எழுத்துகளில் இடமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப் பற்றி விரிவாகவே எழுதினார். அந்நகரில் பிறந்த பௌத்த அறிஞர் என்று அவர் பெருமையோடு குறிப்பிடுவது தருமபாலரை. போதிதருமரின் பெயர் அங்கே இல்லை.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம். சாவோலின் மடம் அமைக்கப்பட்டது ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில். பாதுவோ என்று சீனர் அழைத்த ஓர் இந்தியத் துறவிக்காக வேய் அரசர் அதைக் கட்டுவித்தார். அவர் போதிதருமர் அல்லர். சாவோலினுடன் போதிதருமரைத் தொடர்புபடுத்தும் எழுத்து எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தலைகாட்டுகின்றது. அதிலும் அவர் தியானம் கற்பித்தாரே தவிர, எவருக்கும் குத்தவோ உதைக்கவோ கற்பிக்கவில்லை. அவரைத் தேகப்பயிற்சியுடன் முடிச்சுப் போட்ட நூல் 'யீஜின் ஜிங்'. 'தசைநார்களை மாற்றும் நூல்' என்று பொருள் கொள்ளலாம். அது 1624ஆம் ஆண்டுக்குரியது. அதாவது, போதிதருமர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்டது. நூலுக்குப் பழைமை சேர்ப்பதற்காக, தாங் காலத்துத் தளபதி ஒருவர் எழுதியது போல ஒரு முன்னுரையும் சேர்த்திருக்கின்றார்கள். அந்த முன்னுரையில் பழைய சிறுகதை ஒன்றின் கற்பனைப் பாத்திரம் உண்மை மனிதராக நடமாடுகின்றது. கள்ள உறுதி எழுதுபவர்கள் எங்கேயாவது ஓரிடத்தில் இப்படித்தான் அகப்பட்டுக் கொள்வார்கள். இந்த மோசடியைச் சீன அறிஞர்களே பதினெட்டாம் நூற்றாண்டளவில் கண்டுபிடித்து எள்ளி நகையாடிவிட்டார்கள். பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'லாவோ சானின் பயணங்கள்' என்ற நாவல், சாவோலின் குத்துமுறைக்கே போதிதருமர்தான் மூலவர் என்ற எண்ணத்தைப் பரப்பியது. நாவலிலிருந்து துண்டுப் பிரசுரங்களுக்கும், அங்கிருந்து திரைப்படங்களுக்கும், கடைசியில் நமது கைத்தொலைபேசிக்கும் அது வந்து சேர்ந்தது.

இந்தியத் துறவி வருவதற்கு முன்னர் சீனருக்கு உடற்பயிற்சியே தெரியாதா? 1973ஆம் ஆண்டு ஹூனான் மாகாணத்தில் மாவாங்துவி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். அது மூடப்பட்டது கி.மு. 168இல். உள்ளே கிடைத்த பட்டுத்துணி ஓவியத்தில் 44 மனித உருவங்கள். கைகளை நீட்டியும் இடுப்பை வளைத்தும் மூச்சோடு இணைந்த உடற்பயிற்சி செய்து கொண்டிருக்கின்றன! போதிதருமருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓவியம் அது.

இனி மூன்றாவது கூற்று. தாய் சீயைச் செய்பவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதையில் போதிதருமருக்கு இடமேயில்லை. அவர்கள் சொல்வது ஜாங் சான்பெங் என்ற தாவோ துறவியை. வூதாங் மலையில் பாம்பும் கொக்கும் சண்டையிட்டதைக் கண்டு அவர் இந்தக் கலையை உருவாக்கினாராம். சாவோலின் 'புற' வழி, வூதாங் 'அக' வழி என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சீனர் மரபு. ஆகவே, 'சாவோலினிலிருந்து தாய் சீ பிறந்தது, சாவோலின் நம்முடையது, எனவே தாய் சீ நம்முடையது' என்று பேசுகின்றவர்கள், சீனரின் புராணத்தைக் கூடச் சரியாகப் படிக்கவில்லை.

ஆனால், ஜாங் சான்பெங் கதையும் புராணம்தான். அவரைப் போர்க்கலையோடு சேர்த்துப் பேசும் முதல் எழுத்து, 1669இல் ஹுவாங் சோங்சி என்ற அறிஞர் தமது நண்பருக்காக வடித்த கல்லறை வாசகம். மஞ்சு ஆட்சியை மனதார வெறுத்த அவர், வெளியிலிருந்து வந்த பௌத்தத்தின் 'புற' வழியைவிட மண்ணுக்குரிய தாவோவின் 'அக' வழி மேலானது என்று எழுதியபொழுது அதில் அரசியல் கலந்திருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றார்கள். தாய் சீ என்ற பெயர் அங்கும் இல்லை. ஜாங் சான்பெங்கைத் தாய் சீயின் தந்தையாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னர் நடந்த வேலை.

இரண்டு புராணங்களையும் உடைத்தவர் ஒரு சீனர் என்பதே இங்கு முக்கியம். தாங் ஹாவ் என்பது அவர் பெயர். சட்டம் படித்தவர். தாமே போர்க்கலை பயின்றவர். 1930இல் சாவோலினையும் வூதாங்கையும் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வு, போதிதருமரும் ஜாங் சான்பெங்கும் எந்தக் குத்துமுறைக்கும் மூலவர்கள் அல்லர் என்று காட்டியது. யப்பானுடன் முரண்பாடு முற்றி, தேசியப் பெருமைக்குச் சீனத்தில் பெரும் தேவை இருந்த காலம் அது. அந்த நேரத்தில் 'நமது பெருமைக் கதை பொய்' என்று சொந்த மக்களிடம் சொல்லத் துணிவு வேண்டும். நம்மிடையே அப்படிச் சொல்பவனுக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்பதை வாசகர்கள் நன்கறிவார்கள்.

ஏட்டோடு நின்றுவிடாமல், தாங் ஹாவ் ஹெனான் மாகாணத்தில் வென் மாவட்டத்திலுள்ள சென் ஜியாகோவ் என்ற கிராமத்துக்கே நேரில் சென்றார். சென் என்ற குடும்பத்தின் ஊர். அங்குள்ள குலமரபுப் பதிவேடுகளைப் புரட்டினார். அவர் வந்தடைந்த முடிவு: தாய் சீயின் வேர், பதினேழாம் நூற்றாண்டில் மிங் ஆட்சியின் வீழ்ச்சியைக் கண்ட போர்வீரரான சென் வாங்திங் என்பவரிடம் இருக்கின்றது. அவர் வெறும் வெளியிலிருந்து எதையும் படைக்கவில்லை. தளபதி சீ ஜிகுவாங் 1560களில் தமது படைவீரர்களுக்காக எழுதிய நூலில் 32 குத்துநிலைகள் உள்ளன. அவற்றின் பெயர்களில் பெரும்பாலானவை சென் குடும்பத்து முறைகளிலும் காணப்படுகின்றன. படை முகாமில் பழகிய அடிமுறையுடன் உடற்பயிற்சி மரபையும் மூச்சுப் பயிற்சியையும் சேர்த்துப் பிசைந்திருக்கின்றார்கள். சென் வாங்திங் பற்றிய முடிவை இன்றும் சிலர் ஏற்பதில்லை. ஆனால் அவருக்கு முற்பட்ட காலத்துக்குக் கலையைக் கொண்டு செல்லப் போதிய சான்றை எவரும் வைத்ததில்லை.

அந்த ஊரை விட்டு அது வெளியேறியது எப்படி என்பது புராணத்தைவிடச் சுவையானது. யாங் லூசான் (1799-1872) ஹெபெய் மாகாணத்துக்காரர். வசதியற்றவர். சென் குடும்பத்தில் பிறக்காத அவருக்கு சென் சாங்சிங் அந்தக் கலையைக் கற்பித்தார். வேலைக்காரனாகச் சேர்ந்து இரவில் சுவர் இடுக்கால் பார்த்துக் கற்றார் என்ற கதையும் உண்டு. ஏகலைவன் இல்லாத நாடு எது? பின்னர் அவர் பெய்ஜிங் சென்று மஞ்சு பிரபுக்களுக்கும் காவற்படையினருக்கும் ஆசிரியரானார். பேரன் யாங் செங்பூ (1883-1936) காலத்தில் துள்ளலும் நிலத்தை உதைப்பதும் நீங்கி, ஒரே சீரான மெதுவான அசைவு நிலைபெற்றது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பூங்காவில் நாம் காணும் தாய் சீ பெரும்பாலும் இவர் வழி வந்தது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத்துறை, யாங் முறையைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவத்தை வெளியிட்டது. இன்று வகுப்புகளில் முதலில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் அதுதான். ஆக, 'ஐயாயிரம் ஆண்டுப் பழைமை' என்று விளம்பரப் பலகையில் எழுதி நமக்கு விற்கப்படும் வடிவத்தின் வயது, நம்மில் பலருடைய அண்ணன்மாரின் வயது.

அப்படியானால், அதன் தத்துவம் பழையது இல்லையா? பழையதுதான். இங்கேதான் பலரும் தடுமாறுகின்றார்கள். கருத்தின் வயது வேறு. பயிற்சியின் வயது வேறு. முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். தாய் சீயில் உள்ள 'சீ', உயிர்மூச்சு என்று சொல்லப்படும் 'சீ' அல்ல. ஆங்கில எழுத்துகளில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வெவ்வேறு சொற்கள் அவை. இன்றைய எழுத்துமுறையில் முதலாவது 'ஜி'. கூரையின் முகட்டு வளையைக் குறித்த சொல் அது. அதற்கு மேல் போக இடமில்லாத உச்சம். 'தாய்ஜி' என்றால் மேலான உச்சம். 'தாய்' என்பது 'மிகப் பெரிய' என்ற பொருளுடைய சீனச் சொல். நமது அன்னைக்கும் அதற்கும் உறவில்லை என்பதை, சொல்லாராய்ச்சியில் இறங்கப் போகின்றவர்களுக்கு முன்கூட்டியே அறியத் தருகின்றேன்!

'மாற்றங்களின் நூல்' என்னும் யீ ஜிங்கின் பின்னிணைப்பில் வரும் இச்சொல்லை, பதினோராம் நூற்றாண்டில் சோவ் துன்யீ (1017-1073) ஒரு முழுத் தத்துவமாக விரித்தார். உச்சம் அசையும்பொழுது யாங் பிறக்கின்றது. அசைவு முற்றியதும் ஓய்வு வருகின்றது. ஓய்வில் யின் பிறக்கின்றது. யின்னும் யாங்கும் தொடக்கத்தில் மலையின் நிழற்பக்கத்தையும் வெயிற்பக்கத்தையும் குறித்த சொற்கள். நன்மை, தீமை என்ற பாகுபாடு அதில் இல்லை. பொழுது சாயும்பொழுது வெயிற்பக்கமே நிழற்பக்கமாகின்றது, அவ்வளவுதான். இதைத் தாய் சீ உடம்புக்குக் கொண்டு வருகின்றது. பாரம் முழுவதும் ஒரு காலில் இருக்கும்பொழுது அந்தக் கால் 'நிறைவு', மற்றது 'வெறுமை'. நிறைவு மெல்ல வெறுமைக்கு மாறுகின்றது. இருவர் கைகளைத் தொட்டுக்கொண்டு செய்யும் 'தள்ளுகைப்' பயிற்சியில், எதிரி தள்ளும்பொழுது எதிர்த்துத் தள்ளாமல், அவனது விசை கடந்து போக இடம் கொடுத்து, அவன் நிலை தவறும் கணத்தில் திருப்புகின்றார்கள். மென்மை வன்மையை வெல்லும் என்ற லாவோட்சுவின் எண்ணம் அங்கே கையில் தட்டுப்படுகின்றது. எழுத்தறிவு மிகுந்த வூ யூசியாங் (1812-1880) போன்றவர்கள் இக்கலையில் ஈடுபட்ட பின்னரே தத்துவமும் குத்துமுறையும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைந்தன. அவரது தமையனாருக்கு ஓர் உப்புக் கடையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் கைப்பிரதியே இக்கலையின் மூல நூல் என்று கருதப்படுகின்றது. உப்புக் கடையில் கிடைத்ததா, வீட்டிலேயே எழுதப்பட்டதா என்று ஐயுறுவோரும் உண்டு. பரணில் ஏடு கிடைக்கும் நாட்டில் பிறந்த நமக்கு இது புதிதல்ல.

'சரி, பழைமையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?' என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு.

புராணம் வந்த இடத்தில் வியாபாரம் வரும். தொடாமலே ஆளை வீழ்த்தும் ஆசான்கள், புற்றுநோயை விரட்டும் ஆசான்கள், நீரிழிவு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆசான்கள் எல்லோரும் 'ஐயாயிரம் ஆண்டு இரகசியம்' என்ற திரைக்குப் பின்னால்தான் நிற்கின்றார்கள். 2017 ஏப்ரலில் செங்து நகரில் சூ சியாவ்தோங் என்ற கலப்புமுறைக் குத்துவீரர், தாய் சீ ஆசான் என்று புகழ்பெற்ற வேய் லேய் என்பவரை அரை நிமிடம் கூட ஆகுமுன் தரையில் வீழ்த்தினார். அரச தொலைக்காட்சியில் அபூர்வ ஆற்றல் உள்ளவராகக் காட்டப்பட்டவர் அந்த ஆசான்! சீனத்தில் எழுந்த கோபமெல்லாம் வென்றவர் மீது பாய்ந்ததே தவிர, பொய்யைப் பரப்பியவர்கள் மீது பாயவில்லை.

இரண்டாவது பதில் இதைவிடப் பாரதூரமானது. தாய் சீயில் உண்மையாகவே உள்ள பயன், பெருமைக் கூச்சலில் நம்மவருக்குக் கேட்காமலே போகின்றது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. முதியவர்களே இதில் மிகுதி. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் பழையபடி நடமாடுவதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் பனி உறைந்த நடைபாதையில், முழங்கால் நோவுடன், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு வரும் எமது அம்மாக்களையும் ஐயாக்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் அனுப்புவது போதிதருமர் காணொளி. அனுப்ப வேண்டியது பக்கத்து நூலகத்தில் நடக்கும் தாய் சீ வகுப்பின் நேர அட்டவணை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1996இல் அட்லாண்டாவில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 200 பேரை வைத்து நடத்திய ஆய்வில், 15 வாரத் தாய் சீப் பயிற்சி, திரும்பத் திரும்ப விழும் ஆபத்தை 47.5 சதவீதம் குறைத்தது. அதே குழுவினர் 2003இல், உடல் தளர்ந்த 311 முதியவர்களிடம் சோதித்தபொழுது தெளிவான பயன் நிறுவப்படவில்லை. இதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நானும் விளம்பரக்காரன்தான். 2018இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், விழும் ஆபத்துள்ள 670 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், வெறுமனே உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சீ செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. பல உலக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, சுமார் 19 சதவீதக் குறைவு என்று அடக்கமாகச் சொல்கின்றது. அதற்கும் சான்றின் உறுதி குறைவு என்று சேர்த்தே சொல்கின்றது. பார்க்கின்சன் நோயாளர் 195 பேரிடம் 2012இல் செய்த ஆய்வில் சமநிலை தெளிவாக மேம்பட்டது. முழங்கால் தேய்மானத்தால் வருந்திய 204 பேரிடம் 2016இல் ஒப்பிட்டபொழுது, தாய் சீ வழமையான இயன்மருத்துவத்துக்கு ஈடாக நின்றது. உயர் இரத்த அழுத்தத்தின் வாசலில் இருந்த 342 பேரிடம் சீனத்தில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின்னர் மேல் அழுத்தம் தாய் சீக் குழுவில் ஏறத்தாழ 7 புள்ளி குறைந்தது. வேகநடை போன்ற பயிற்சிக் குழுவில் ஏறத்தாழ 4.6 புள்ளி.

இதில் மந்திரம் எதுவுமில்லை. முழங்காலைச் சற்று மடித்து, ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மிக மெதுவாக மாற்றும்பொழுது தொடைத் தசையும் கணுக்காலும் உழைக்கின்றன. விரைவாகச் செய்யும்பொழுது உடல் ஏமாற்றிவிடும். மெதுவாகச் செய்யும்பொழுது ஏமாற்ற முடியாது. பாதம் எங்கே இருக்கின்றது என்பதை மனம் ஓயாது கவனிக்கின்றது. விழப்போகும் மனிதனுக்கு அந்தக் கணத்தில் தேவைப்படுவதும் அதுவே. புற்றுநோய்க்கு இது மருந்தன்று. நீரிழிவு மாத்திரைக்கு மாற்றும் அன்று.

'எமது பெருமையைக் குலைக்கின்றீரே' என்று சிலர் எழுதக்கூடும். அவர்களுக்கு ஒரு கேள்வி. ஈழத்தில் நமது மரபு அடிமுறைகளில் ஒன்றுக்குச் 'சீனடி' என்று பெயர். அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, 'உங்கள் அடிமுறை முழுவதும் எங்களுடையது' என்று பெய்ஜிங்கில் ஒருவர் படம் எடுத்தால் சும்மா இருப்போமா? தமிழருக்கும் சீனருக்கும் உண்மையான உறவு இருந்தது. அதற்குப் புனைவு தேவையில்லை. சுவான்சோ துறைமுக நகரில் தமிழ் வணிகர் சிவன் கோயில் எடுத்ததற்குச் சான்றாக 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாக எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனம் சென்ற வச்சிரபோதி என்ற துறவியின் வாழ்க்கை ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றது. அவரைப் பற்றிப் படமெடுக்க எவருக்கும் தோன்றவில்லை. 'தியானம்' என்ற சொல்லின் வடமொழி மூலமே சீனத்தில் 'சான்' ஆகி, யப்பானில் 'சென்' ஆனது. காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டுத் தளபதி செங் ஹேயின் கப்பலில் வந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் தெய்வமான தென்னாவர நாயனாரைப் போற்றுகின்றது. சீனப் பேரரசன் தமிழில் எழுதுவித்த கல் அது! கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. போதிதருமர் காணொளியை இலட்சக்கணக்கில் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றிருப்பார்கள்?

தாய் சீ கற்க விரும்பும் முதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் யாருடைய எத்தனையாவது தலைமுறைச் சீடர் என்று விசாரிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். முழங்காலை எவ்வளவு மடிக்கச் சொல்கின்றார், முழங்கால் பாதத்தின் திசையிலேயே போகின்றதா என்று பார்த்துத் திருத்துகின்றாரா, தள்ளாடுபவருக்குப் பக்கத்தில் கதிரை வைக்கின்றாரா என்று பாருங்கள். கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொரு மணித்தியாலம், குறைந்தது மூன்று மாதம் செய்யுங்கள். மேலே சொன்ன ஆய்வுகளிற் பலவும் ஏறத்தாழ அந்த அளவில் தொடங்கியவையே. உங்கள் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கின்ற ஆசான் என்றால், அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.